உப்புக் காற்றில் ஒரு வீடு

என் தமக்கையின் சமையலறையில் ஒரு நாள் காலை, கூரையிலிருந்து சிமெண்டுப் பாளம் ஒன்று பெயர்ந்து, கொதித்துக் கொண்டிருந்த சாம்பாரில் விழுந்தது. நல்ல வேளையாக அக்கா அப்போது வாசலில் பால்காரரோடு சண்டை போட்டுக் கொண்டிருந்தாள். பால்காரர் வாழ்க! அவர் அன்றைக்குத் தண்ணீர் கலக்காமல் இருந்திருந்தால், இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திராது. வேறு விதமான கட்டுரை எழுத நேர்ந்திருக்கும்.

நான் போய் அண்ணாந்து பார்த்தேன். பாளம் பெயர்ந்த இடத்தில் கம்பி தெரிந்தது. கட்டும்போது கட்டை விரல் பருமன் இருந்த கம்பி, கொத்தவரங்காய் வற்றலைப் போல் சுருங்கி, தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. சென்னைக்குத் தெற்கே, மாடியில் நின்றால் அலை தெரிகிற தூரத்தில், அத்திம்பேர் தம் சேமிப்பையெல்லாம் போட்டு 1997-ல் கட்டிய வீடு அது. அவர் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. வீடு அவரைவிடக் கொஞ்சம் நாள் அதிகம் இருந்தது, அவ்வளவுதான்.

பழுது பார்க்க ஆகும் செலவைக் கேட்டபோது அக்காவுக்கு மயக்கமே வந்துவிட்டது. வீட்டை விற்றாள். அந்தப் பணத்தில், தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பாட்டனார் வைத்துவிட்டுப் போன நிலத்தில், சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விடுவது என்று தீர்மானித்தாள். அங்கே இரண்டு துண்டு நிலம் உண்டு. கடலைப் பார்த்தாற்போல் இருக்கும் கீழைத் தோப்பு ஒன்று. ரஸ்தாவுக்கு மேற்கே தென்னையும் புளியமரமுமாக இருக்கும் மேலைக் கொல்லை ஒன்று. கீழைத் தோப்பில்தான் அக்காவுக்குக் கண். காலையில் எழுந்ததும் சூரியோதயம், கையில் காப்பி, எதிரே சமுத்திரம்!

காண்டிராக்டர் ஒருவர் படம் போட்டுக்கொண்டு வந்தார். கடல் பக்கம் முழுவதும் கண்ணாடி. ஏழு மாதத்தில் சாவி கையில்.

"எத்தனை வருஷம் நிற்கும்?" என்று கேட்டாள் அக்கா.

"அதெல்லாம் உங்க காலத்துக்குக் கவலையே இல்லைம்மா" என்றார் அவர், தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

அக்காவுக்கு அறுபத்தாறு வயது. அவளுடைய காலம் எவ்வளவு என்று அவர் மனத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டதாக அவளுக்குத் தோன்றிவிட்டது. அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா, தரங்கம்பாடியிலே டேனிஷ்காரன் கோட்டை ஒன்று நானூறு வருஷமாக நிற்கிறதே, அதே கடல்தானே, அதே காற்றுதானே? அவன் என்ன போட்டுக் கட்டினான் என்று பார்த்துவிட்டு வருவோம், கிளம்பு. இந்தப் பணம் போனால் எனக்கு இன்னொரு பணம் கிடையாது."

கிளம்பினோம்.

மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் குட்டி ரயில் ஒன்று போய்க் கொண்டிருந்தது. 1986-ல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது பஸ்தான். வயலும் வாய்க்காலுமாக வந்து, பொறையாறு தாண்டியதும் காற்றின் ருசியே மாறிவிடுகிறது. உதட்டை நாக்கால் தடவினால் கரிக்கிறது. நாம் தேடி வந்த எதிரி அதுதான்!

ஊருக்குள் நுழையும் இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு நகர வாசல். 1792-ல் கட்டியது. அதைத் தாண்டினால் ராஜ வீதி. இரு புறமும் பழைய தேவாலயங்கள். 1706-ல் இங்கே வந்து இறங்கி, தமிழ் கற்று, தமிழிலேயே புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு ஐயர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718-ம் வருஷத்தது. வீதியின் முடிவில் மைதானம். மைதானத்தின் ஓரத்தில் கோட்டை. கோட்டைக்கு அப்பால் வங்காள விரிகுடா. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு 1620-ல் ஓவ கெடெ என்ற டேனிஷ் தளபதி ஆரம்பித்த கோட்டை இது. 1845-ல் ஆங்கிலேயரிடம் ஊரை விலைக்குக் கொடுத்துவிட்டு டேனிஷ்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கோட்டை நிற்கிறது. உள்ளே இப்போது பொருட்காட்சி.

மற்றவர்கள் பீங்கானையும் பழைய பத்திரங்களையும் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா மட்டும் சுவரைத் தட்டிப் பார்த்தாள். சாண் போட்டு அளந்தாள். அண்ணாந்து பார்த்தாள். காவலர் ஒருவர் சந்தேகத்தோடு எங்கள் பின்னாலேயே வந்தார்.

"இந்தக் கூரையிலே கம்பியே இல்லையேடா?" என்றாள்.

இல்லைதான். கீழ்த்தளம் முழுவதும் செங்கல் வளைவுகள். வளைவின் சூட்சுமம் என்னவென்றால், அதில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அமுக்குகிறது. எதுவும் எதையும் இழுப்பதில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. கான்கிரீட்டும் அந்த ஜாதிதான். தட்டையாகத் தளம் போட்டால் அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. அதைத் தாங்கத்தான் உள்ளே கம்பி வைக்கிறோம். டேனிஷ்காரர்கள் வளைவு கட்டினார்கள். ஆகையால் கம்பி வேண்டியிருக்கவில்லை. கம்பி இல்லாத இடத்தில் துருவுக்கு என்ன வேலை?

கோட்டைக்குப் பின்னால் உள்ள தெருக்களில், சுனாமிக்குப் பிறகு இண்டாக் அமைப்பினர் பழைய தமிழ் வீடுகள் சிலவற்றைப் பழைய முறையிலேயே செப்பனிட்டிருக்கிறார்கள். திண்ணை, தாழ்வாரம், முற்றம், நாட்டு ஓடு. அதில் ஒரு திண்ணையில் நாங்கள் இளைப்பாற உட்கார்ந்தபோதுதான் அந்தக் கொத்தனாரைச் சந்தித்தோம். எழுபதைத் தாண்டியவர். இப்படிப்பட்ட பழைய வீடுகளில் சுண்ணாம்பு வேலை செய்தவர். அக்கா சாம்பார்க் கதையைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "எந்தத் தண்ணியிலே கான்கிரீட் கலந்தாங்க?" என்று கேட்டார்.

அக்கா யோசித்தாள். "மனையிலேயே போர் போட்டார்கள். அந்தத் தண்ணிதான்."

"கரிச்சுதா?"

"குடிக்க முடியாது. கட்டடத்துக்குப் போதும் என்றார்கள்."

"அன்னிக்கே வீட்டுக்குள்ளே உப்பை வெச்சுப் பூசிட்டாங்கம்மா. காத்து வெளியிலேருந்து வர்றது ரெண்டாவது" என்றார் கொத்தனார்.

அவர் சொன்னதற்குச் சாஸ்திரம் உண்டு. புதுக் கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை அதிகம். அந்தக் காரத்தில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகி, துருப் பிடிக்காமல் காக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். பிறகு ஈரமும் காற்றும் போதும். துருவான இரும்பு, இருந்ததைப்போல் இரண்டு மூன்று பங்குக்கு மேலேயே உப்பிப் போகிறது. உள்ளே இருந்து அது நெம்ப, மேலே இருக்கும் பூச்சு வெடித்து விழுகிறது, சாம்பாரிலோ தலையிலோ. நம் நாட்டுக் கட்டட விதிகளில், கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்ததைப் படிக்கிறவர் யார்?

"அப்படியானால் சிமெண்டே ஆகாதா?" என்றாள் அக்கா.

சிமெண்டை வைவதில் எனக்குச் சம்மதம் இல்லை. பழையது எல்லாம் உத்தமம், புதியது எல்லாம் மட்டம் என்று பேசுவது திண்ணைக்கு அழகாக இருக்கலாம், வீட்டுக்கு உதவாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கை இன்று அபூர்வம். கான்கிரீட்டும் கடலோரத்தில் நிற்கும், விதிப்படி செய்தால். 2000-ம் வருஷத்து விதிப் புத்தகம், கடற்கரைச் சூழலில் எம் 30 தரக் கலவை வேண்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், அலைத் திவலை படும் இடமானால் எம் 35-ம் 50 மில்லிமீட்டரும் வேண்டும் என்கிறது. சிமெண்டு 100 கிலோ என்றால் தண்ணீர் 45 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. தண்ணீரைத் தாராளமாக விட்டால் கலவை சுலபமாக ஓடும். காய்ந்த பிறகு உள்ளே நுண்ணிய துவாரங்கள் நிற்கும். உப்பு அந்த வழியாக உல்லாசமாகப் பிரயாணம் செய்யும். அத்திம்பேர் வீட்டில் கம்பிக்கு மேல் இருந்த பூச்சு என் சுண்டு விரல் கனம்கூட இல்லை.

காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நன்கொடையிலும் எழுந்து 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், இந்தத் துருவைப் பற்றியே ஆராய்கிறார்கள். கம்பிகளுக்குச் சிமெண்டும் பாலிமரும் கலந்த மேற்பூச்சு ஒன்றையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைப் பூசிய கம்பியைக்கூடக் கரிப்புத் தண்ணீரில் கலந்த கான்கிரீட்டில் புதைத்தால் என்ன பிரயோஜனம்?

கொத்தனார் சுண்ணாம்பைப் பற்றி ஆரம்பித்தபோது பொழுது போனதே தெரியவில்லை. கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, மணலோடு செக்கில் போட்டு அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை அதில் விடுவார்கள். மெட்ராஸ் தளம் போடும்போது, தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்திட்டு அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். அடித்து அடித்து, கட்டை எகிற ஆரம்பித்தால்தான் தளம் இறுகிவிட்டதாகக் கணக்கு. "பாட்டு நின்னா அடியும் நின்னுடும். அதனாலே மேஸ்திரி முதல்லே பாடத் தெரிஞ்ச ஆளைத்தான் கூப்பிடுவாரு" என்றார்.

சுண்ணாம்புப் பூச்சின் குணம் வேறு. அது மூச்சு விடும். சுவருக்குள் ஏறிய ஓதம், உப்பையும் சுமந்துகொண்டு பூச்சின் வழியாக வெளியே வந்து காய்ந்துவிடும். உப்பு மேலே பூத்து, பூச்சு மெதுவாகப் பொரிந்து உதிரும். உதிரட்டும்! சில வருஷத்துக்கு ஒரு முறை பூச்சை மாற்றினால் செங்கல் பிழைத்துக்கொள்ளும். இதைத் தெரியாமல், பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் 'கெட்டியாக இருக்கட்டும்' என்று சிமெண்டைப் பூசிவிடுகிறார்கள். உப்பு வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே படிகமாகி, செங்கல்லையே மாவாக்கிவிடுகிறது. எதிர்ச் சாரியில் அப்படி ஒரு சுவரைக் கொத்தனார் காட்டினார். விரலால் குத்தினேன், விரல் உள்ளே போயிற்று.

சாயங்காலம் மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போனோம். பதினான்காம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். முன்பகுதி எப்போதோ கடலுக்குப் போய்விட்டது. கரையில் பாறாங்கற்களைக் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள். அக்கா வெகு நேரம் பேசாமல் நின்றாள். கல்லுக்குத் துருவும் இல்லை, சுண்ணாம்புக்குக் குறைவும் இல்லை. கோயில் பழுதாகவில்லை, கோயில் நின்ற தரை போய்விட்டது.

கடல் இப்படி ஓரிடத்தில் எடுப்பதற்கும் ஓரிடத்தில் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. நம் கிழக்குக் கரையில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டே போகின்றன. நடுவில் குறுக்கே ஒரு சுவரைக் கட்டினால், தென்புறம் மணல் குவியும். வடபுறம் மணல் வராமல் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு அதற்குத் தெற்கே மெரீனா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்ததும் இந்தக் கணக்குத்தான். ஆகையால், "நம் மனைக்கு முன்னால் நாலு லாரி கல்லைக் கொட்டிவிட்டால் போச்சு" என்று சொல்கிறவர்கள் நம் மணலைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அண்டை வீட்டுக்காரரின் மணலைப் பறிக்கிறார்கள்.

மறுநாள் காலை கீழைத் தோப்புக்குப் போனோம். கொத்தனாரும் வந்தார். இடம் கண்கொள்ளாக் காட்சி! அக்கா கனவு கண்ட சூரியோதயம், கனவைவிட நன்றாகவே இருந்தது. அலை ஏறிக் காய்ந்த ஓதக் கோட்டிலிருந்து நான் அடி வைத்து அளந்தேன். நூற்றைம்பது அடிவைப்பில் தோப்பின் நடு வந்துவிட்டது. மீட்டர் கணக்கில் 110, 115 இருக்கலாம்.

1991-ல் மத்திய சர்க்கார் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை ஒன்றை வெளியிட்டது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் ஆட்சி. கிராமப் புறங்களில் முதல் 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. 2011-லும் 2019-லும் அதை மாற்றி எழுதினார்கள்; ஜனநெருக்கம் மிகுந்த கிராமங்களுக்கு 50 மீட்டர் வரை குறைத்தார்கள்; மீனவர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. நாங்கள் மீனவரும் இல்லை, அந்த இடம் ஜனநெருக்கமும் இல்லை. "அனுமதியெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று காண்டிராக்டர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சட்டம் கிடக்கட்டும். தோப்பின் ஓரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் அக்கா பேச்சுக் கொடுத்தாள். 2004 டிசம்பர் 26-ம் தேதி தண்ணீர் எது வரைக்கும் வந்தது என்று கேட்டாள். அந்த அம்மாள் தோப்பைக் காட்டவில்லை. எழுந்து நின்று, மேற்கே ரஸ்தாவின் பக்கம் கையை நீட்டினாள். பிறகு உட்கார்ந்து மறுபடியும் வலையைப் பிரிக்க ஆரம்பித்தாள். அன்று ஒருங்கிணைந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அவளுக்கு யார் போனார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

கரைக்கும் தோப்புக்கும் இடையே ஒரு மணல் மேடு. அதில் தாழையும் அடம்பங்கொடியும். காண்டிராக்டரின் படத்தில் அந்த மேடு இல்லை. கண்ணாடிக்கு எதிரே கடல் தெரிய வேண்டுமே, அதற்காகச் சமன் செய்துவிடுவதாக ஏற்பாடு! கடல் சீறும்போது முதல் அடியைத் தாங்குவது அந்த மேடுதான். அடம்பங்கொடி மணலைப் பிடித்து நிறுத்துகிறது. தாழை காற்றையும் உப்புத் திவலையையும் வடிகட்டுகிறது.

அக்கா கடலைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள். "இங்கே புன்னை வைத்தால் வருமா?" என்று கொத்தனாரைக் கேட்டாள்.

"அருமையா வரும்மா. கடலோர மரமாச்சே."

"அப்படியானால் இங்கே புன்னை இருக்கட்டும். காப்பியை எடுத்துக்கொண்டு நான் நடந்து வந்துகொள்கிறேன்."

மேலைக் கொல்லைக்குப் போகும் வழியெல்லாம் வீட்டைப் பற்றியே பேச்சு. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் தளம். ஓதம் ஏறாமல் கடைக்காலுக்கு மேல் ஒரு கருங்கல் வரிசை. நன்றாக வெந்த செங்கல், சுண்ணாம்புச் சாந்து. கூரைக்கு வைரம் பாய்ந்த பனங்கை. நாலு பக்கமும் சரியும் கூரையாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். புயல் கூரையைக் கீழே அழுத்துவதில்லை. மேலே உறிஞ்சித் தூக்குகிறது. இரண்டு பக்கச் சரிவைவிட நாலு பக்கச் சரிவு காற்றுக்கு நன்றாக ஈடு கொடுக்கும். 2011-ல் தானே புயலிலும் 2018-ல் கஜாவிலும் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் பறந்ததைப் பார்த்தவர்கள் இதில் என்னோடு வாதம் செய்ய மாட்டார்கள். தாழ்வாரக் கூரையை வீட்டுக் கூரையோடு சேர்க்காமல் தனியாகக் கட்டுவது நல்லது. காற்று தாழ்வாரத்தைக் கொண்டு போனாலும் வீடு மிஞ்சும். பனங்கைகளைச் சுவரின் தலையில் சும்மா உட்காரவைக்காமல் கீழே வரைக்கும் இழுத்துக் கட்ட வேண்டும். கீல், தாழ்ப்பாள் எல்லாம் பித்தளை. தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் கான்கிரீட். அதற்கு நான் ஸ்கேலை வைத்துக்கொண்டு நின்று 50 மில்லிமீட்டரை அளந்து பார்ப்பதாக வாக்குக் கொடுத்தேன்.

"கடல் தெரியாதே, அக்கா, வருத்தமில்லையா?" என்றேன்.

"ராத்திரியில் சத்தம் கேட்கும், போதும்" என்றாள். கொஞ்ச தூரம் போய், "அவர் இருந்திருந்தால் கீழைத் தோப்பில்தான் கட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றிருப்பார்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காற்றில் மணல் விழுந்திருக்கலாம்.

மேலைக் கொல்லையில் பாட்டனார் காலத்துக் கிணறு. கடலோரத்து மண்ணில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறி வரும். ஆகையால் ஆழ்குழாய் வேண்டாம், கிணறே போதும் என்று தீர்மானம் ஆயிற்று. ஆனால் கிணறு எப்படி இருக்கிறதோ?

கொத்தனார் ஒரு வாளி இறைத்தார். சோதனைச் சாலைக்கும் ஒரு சீசா அனுப்பப் போகிறோம். இருந்தாலும் அவர் முதலில் ஒரு கை அள்ளி வாயில் விட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் வைத்திருந்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்; பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

கொத்தனார் துப்பவில்லை. விழுங்கினார்.

"எங்கே, கொடுங்கள்" என்று அக்கா வாளியை வாங்கிக்கொண்டாள்.